‘அப்பாட்டைச் சொல்லு’: நாவல் படிக்கப் பழகிய கதை

‘கொன்ஃப்ளிக்ற்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான் முதலில் வாசித்தது புத்தகத்தில் இல்லை, ஒரு வெள்ளை வாகனத்தின் கதவில். இலங்கையின் வடக்கே வன்னியில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் எங்கள் வட்டக்கச்சி வீதியால் போன வாகனங்களிலும், இலவசமாகத் தந்த கொப்பிகளின் மட்டையிலும், தண்ணீர்த் தாங்கிகளிலும் அந்தச் சொல் இருந்தது. கீழே தமிழில் ‘மோதலால் பாதிக்கப்பட்டவர்கள்’ என்று போட்டிருப்பார்கள். அது நாங்கள்தான் என்று விளங்கவே எனக்குச் சில வருடம் எடுத்தது.

அதனால், தரம் 10இல் ஆங்கில இலக்கியம் படிப்பிக்க வந்த ரீச்சர் முதல் நாளே “நாவலில கொன்ஃப்ளிக்ற் எண்டா என்ன?” என்று கேட்டபோது, முன் வாங்கில் இருந்த பெடியன் யோசிக்காமல் “யுத்தம், ரீச்சர்” என்றான்.

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். தரம் 11இல் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதம், நடனம், சித்திரம், தமிழ் இலக்கியம் எல்லாம் கிடக்கிற, ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய அதே தொகுதியில்தான் ஆங்கில இலக்கியமும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை எடுக்கிறவர்கள் குறைவு. எனக்குப் பாட வராது, ஆட வராது, கீறவும் வராது. அதுதான் காரணம்; இலக்கியத்தில் காதல் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ரீச்சர் அந்தப் பெடியனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ‘முரண்பாடு’ என்று தமிழில் எழுதினா. “சண்டை வேற, முரண்பாடு வேற. ஒரு ஆளுக்கு ஒண்டு வேணும். அதை எடுக்கேலாமல் என்னவோ மறிக்குது. வெளியிலயும் மறிக்கலாம், அவற்ற மனசுக்குள்ளயும் மறிக்கலாம். அவ்வளவுதான்” என்றா. நான் அதைக் கொப்பியில் எழுதினேன். எழுதியதோடு சரி. விளங்க ஒரு வருடத்துக்கு மேல் போனது.

எங்களுக்கு வகுப்பில் எடுத்த நாவல் மார்க் ட்வைன் 1881இல் எழுதிய ‘இளவரசனும் ஏழையும்’. பதினாறாம் நூற்றாண்டு இலண்டனில் ஒரே நாளில் பிறந்த இரண்டு பெடியன்கள். ஒருவன் சேரியில் பிச்சை எடுக்கிற ரொம், மற்றவன் இளவரசன் எட்வேர்ட். விளையாட்டாக உடுப்பை மாற்றுகிறார்கள், அதோடு இரண்டு பேரின் வாழ்க்கையும் மாறிப்போகிறது. கதை நல்ல கதை. ஆனால் நாங்கள் அதைக் கதையாகவா படித்தோம்? 2021இல் கொரோனாவால் பாதி வருடம் பள்ளிக்கூடம் பூட்டு. ரீச்சர் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவா. வீட்டில் சிக்னல் இல்லை. வாய்க்கால் கட்டில் ஏறி நின்று பக்கம் பக்கமாக இறக்குவேன். இறங்கின பக்கத்தில் எது முக்கியம் என்று பார்த்துக் கோடு போட்டு, மிச்சத்தைத் தாண்டிவிடுவேன். எனக்கு முக்கியம் என்றால் ‘செய்தி’. ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்? அதைப் பிடித்துவிட்டால் புள்ளி.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு வைத்த முதல் சோதனையில் நான் எழுதிய விடையின் முதல் வசனம் இன்னும் பாடம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “இந்நாவலின் மூலம் ஆசிரியர், வெளித்தோற்றத்தைக் கண்டு மனிதரை மதிப்பிடக் கூடாது என்ற உயரிய செய்தியை வலியுறுத்துகிறார்.” பதினைந்துக்கு நாலு வந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வரி: “இதைச் சொல்ல ஒரு நாவல் எதற்கு?”

எனக்குக் கோபம். ரியூசனில் தந்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. அந்தக் குறிப்பில் முரண்பாட்டுக்கும் ஒரு பட்டியல் இருந்தது: மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் சமூகத்துக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் அவன் மனதுக்கும். பட்டியல் பிழை என்று நான் சொல்லவில்லை. மருந்துக் கடை இறாக்கைக்கு மேல் ஒட்டிய பெயர்கள் மாதிரி அது. எந்தக் குளிசை எந்தத் தட்டில் என்று அது சொல்லும், உங்களுக்கு என்ன வருத்தம் என்று சொல்லாது. நான் வருத்தத்தைப் பார்க்காமலே குளிசை போட்டுக்கொண்டிருந்தேன்.

நாவலில் ஒரு இடம் இருக்கிறது. ரொம் இப்போது அரசன் உடுப்பில் இருக்கிறான். முடிசூட்டுக்கு முன் ஊர்வலம் போகிறது. தெருவெல்லாம் சனம். அவனுக்கு அந்த வாழ்க்கை இனிக்கத் தொடங்கிவிட்டது. கூட்டத்துக்குள் இருந்து ஒரு பெண் அவனையே பார்க்கிறாள். அவன் திடுக்கிட்டு, பழைய பழக்கத்தில், உள்ளங்கை வெளியே தெரியக் கையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டு போகிறான். சின்ன வயதில் இருந்தே அவனிடம் உள்ள பழக்கம் அது. அதைக் கண்டதும் தாய்க்கு விளங்கிவிடுகிறது. ஓடிவந்து அவன் காலைப் பிடிக்கிறாள். அவன் என்ன சொல்கிறான்? உன்னை எனக்குத் தெரியாது என்கிறான்.

இந்தப் பக்கத்தை நான் முதலில் தாண்டிப் போயிருந்தேன். கோடு போட ஒன்றும் இல்லை. செய்தி ஒன்றும் அதில் எழுதியிருக்கவில்லையே.

ரீச்சர் வகுப்பில் அதைச் சத்தமாக வாசித்தா. வாசிக்க வாசிக்க என் காது சூடாகியது. ஏனென்றால் அதே சொல்லை நானும் சொல்லியிருந்தேன்.

2020 மாசி மாதம், காலபோக (மாரி மழைக்கு விதைக்கிற நெல்) அறுவடை நேரம். கிளிநொச்சி ரவுணில் ரியூசன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறோம். என்னோடு நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் ரவுண்காரர். அப்பா மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு லாண்ட்மாஸ்ரரில், அதுதான் இரண்டு சில்லு உழவு மெசினில், வருகிறார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம், தலையில் துவாய், மேலெல்லாம் பதர்த் தூசி. அந்த மெசினின் சத்தம் தெரியும்தானே, மூன்று வீதிக்குக் கேட்கும். என்னைக் கண்டதும் அடித்து நிறுத்தி, “பிள்ளை, ஏறன், மில்லால போய்ப் போவம்” என்று கூப்பிட்டார். நான் மற்றப் பக்கம் திரும்பி பஸ் வருகிறதா என்று பார்த்தேன். பக்கத்தில் நின்றவள் “ஆரடி அது?” என்று கேட்டாள். “தெரியேல்லை, ஆரோ” என்றேன்.

அப்பா இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு போய்விட்டார். இரவு வீட்டில் அவரே, “ரவுணுக்குள்ள ஒரே சத்தம், உனக்குக் கேட்டிருக்காது என்ன?” என்றார். நான் ஓம் என்றேன். எனக்குச் சொல்ல ஒரு சாட்டு அவரே எடுத்துக் கையில் தந்தார் என்று அப்போதே தெரியும்.

ரொம் நல்லவன். அரச வாழ்க்கையை அவன் திருடவில்லை. கதை முழுக்கத் தேடினாலும் அந்த இடத்தில் வில்லன் இல்லை. தாய் வேண்டும், அந்த ஊர்வலமும் வேண்டும். இரண்டையும் ஒரே கையால் பிடிக்க ஏலாது. ‘அவற்ற மனசுக்குள்ளயும் மறிக்கலாம்’ என்று ரீச்சர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது. அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு ரொம்முக்கு ஊர்வலம் கசந்துபோகிறது. நாவல் அதைத் தெளிவாகக் காட்டுகிறது. எனக்கும் அந்த பஸ் பயணம் நல்லா ஞாபகம் இருக்கிறது.

அடுத்த சோதனையில் எழுதியது இது. முதலில் தமிழில் யோசித்து எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் மாற்றினேன்: “தாய் காலைப் பிடித்தபோது ரொம் தெரியாது என்கிறான். அந்த நொடிவரை இனித்த ஊர்வலம் அதற்குப் பிறகு இனிக்கவில்லை. உடுப்பு மாறினால் உலகம் ஆளையே மாற்றிப் பார்க்கும் என்று நாவல் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது. இங்கே அது காட்டுவது வேறு: உடுப்பு உள்ளே இருக்கிற ஆளையும் மாற்றத் தொடங்கிவிட்டது.” பதினைந்துக்குப் பதினொன்று. ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை ஐந்தாறு இருந்தும்.

இப்போது உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். அயலில் மூன்று பிள்ளைகள் பின்னேரங்களில் வருகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ‘செய்தி’ என்ற சொல்லை முதல் பந்தியில் எழுதாதே. ‘வலியுறுத்துகிறார்’ என்பதை எங்கேயுமே எழுதாதே. முதலில் ஒரு காட்சியை எடு. அந்த இடத்தில் யாருக்கு என்ன வேண்டும், எது மறிக்கிறது என்று கொப்பியில் இரண்டு வரி. அதன் பிறகு, இந்த மறிப்பால் அவருக்கு என்ன போனது என்று ஒரு வரி. அந்த மூன்றாவது வரிக்குள்தான் செய்தி கிடக்கும். அது தமிழில் ஒரு வசனமாக வாயால் சொல்ல வராவிட்டால், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியும் பிரயோசனம் இல்லை.

செய்தியை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. யுத்தத்தில் விழுந்த பெரிய தண்ணீர்த் தாங்கி கிளிநொச்சியில் ஏ9 வீதிக் கரையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அழிவு இனி வேண்டாம் என்ற கருத்தில் ஒரு பலகை. தெற்கில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். சின்னப் பிள்ளையாக அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்வி: இதை யார் யாருக்குச் சொல்கிறார்கள்? சொல்கிறவரும் கேட்கிறவரும் இல்லாத செய்தி அது. என் முதல் விடையும் அந்தப் பலகை மாதிரித்தான் இருந்தது.

இன்னொரு விசயம், பொருட்கள். ‘இளவரசனும் ஏழையும்’ படித்த எல்லோருக்கும் அரச முத்திரை ஞாபகம் இருக்கும். நாட்டின் பெரிய முத்திரை காணாமல் போகிறது, அரண்மனையே தேடுகிறது. கடைசியில் பார்த்தால் ரொம் அது என்னவென்று தெரியாமல் அதால் கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறான். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். “ஏன் சிரிக்கிறியள்?” என்று ரீச்சர் கேட்டா. ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவவே, “ஒரே சாமான். எட்வேர்டின்ர கையில அது அரசாங்கம், ரொம்மின்ர கையில சுத்தியல். ரெண்டு பேரும் பிழை இல்லை. பசிக்கிறவனுக்கு அது சுத்தியல்தான்” என்றா. யார் உண்மையான அரசன் என்று கடைசியில் தீர்க்கிறதும் அதே முத்திரைதான். அதை எங்கே ஒளித்தான் என்று எட்வேர்டுக்கு ஞாபகம் வர, பக்கத்தில் நின்று உதவுகிறவன் ரொம்.

அதிலிருந்து எந்த நாவல் எடுத்தாலும், இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்கிற ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அதன் பின்னால் போவேன். முரண்பாடு பெரும்பாலும் அங்கே நிற்கும். பரீட்சைக்கும் இது உதவும். பெரிய பெரிய சொற்கள் தேவையில்லை, பொருள் உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் வீட்டில் அந்தப் பொருள் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது.

எங்களுடையது பேர்மிற் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற இரண்டு ஏக்கர் வயல். அந்தப் பேர்மிற்றையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் அப்பா ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, 2009இல் யுத்தத்துக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு வட்டக்கச்சியில் இருந்து கடற்கரை வரைக்கும் போனவர். அங்கிருந்து, இடம்பெயர்ந்தவர்களை வைத்த செட்டிகுளம் முகாமுக்கும் அது வந்தது. எனக்கு அப்போது மூன்று வயது, அண்ணாவுக்குப் பத்து. எனக்கு ஞாபகம் ஒன்றும் இல்லை. அண்ணாவுக்கு இருக்கிறது, கதைக்க மாட்டான். எங்களோடு வந்த மற்றச் சாமான் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டது, இந்தப் பை மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அப்பா அதை இப்போதும் அலுமாரிக்குள் வைக்க மாட்டார். கட்டிலின் தலைமாட்டில்தான் வைப்பார்.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. அந்தக் காலபோகம் எங்களுக்கு விதை நெல்லுக்கும் கட்டவில்லை. அடுத்த வருடம் மண்ணெண்ணெய் இல்லை, டீசல் இல்லை, கரண்ட் ஒரு நாளைக்குப் பாதி நேரம் இல்லை. அண்ணா வெளிநாடு போகப் போகிறேன் என்றான். வவுனியாவில் விடிய விடிய வரிசையில் நின்று பாஸ்போர்ட் எடுத்தான். காசுக்கு, காணியை வைத்து ஒருவரிடம் வாங்கலாம் என்று பையைக் கேட்டான். அப்பா மாட்டேன் என்றார். சத்தம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

கதைக்கவில்லை என்றால், என் மூலமாகக் கதைத்தார்கள். “அப்பாட்டைச் சொல்லு, நாளைக்கு நான் தண்ணி கட்டப் போகேலாது.” “அவனிட்டைச் சொல்லு, ஏலாதெண்டா விடட்டாம்.” மூன்று பேரும் ஒரே திண்ணையில் இருப்போம். நான் நடுவில். சில நேரம் நான் வாய் திறக்க முன்பே மற்றவர் பதில் சொல்லிவிடுவார், அதுவும் என்னைப் பார்த்து.

அந்த நாட்களில்தான் ஆர். கே. நாராயணனின் ‘இனிப்பு விற்கிறவர்’ நாவலை ரீச்சர் கையில் தந்தா. 1967இல் வந்தது. எங்களுக்கு வகுப்பில் எடுத்ததில்லை, ‘சும்மா வாசி’ என்றா. ஜெகன் என்று ஒரு மனிதர். மால்குடியில் இனிப்புக் கடை. காந்தி பக்தர், இராட்டை சுற்றுகிறவர், நாவை வென்றால் தன்னை வெல்லலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவர். சொல்லிவிட்டு மற்றவர்கள் நாவுக்கு இனிப்பு விற்கிறார். மனைவி இல்லை. ஒரே மகன் மாலி. படிப்பை விட்டுவிட்டு, தகப்பன் ஒளித்து வைத்த காசை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போகிறான். வரும்போது ஒரு பெண்ணோடும் கதை எழுதுகிற மெசின் ஒன்றைச் செய்து விற்கும் திட்டத்தோடும் வருகிறான். தகப்பனும் மகனும் முகம் பார்த்துக் கதைக்க மாட்டார்கள். ஜெகனின் கடைக்கு வந்துபோகிற ஒரு சொந்தக்காரர் நடுவில் நின்று செய்தி கொண்டு போவார்.

அந்த ஆளைக் கண்டதும் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன். குசினியில் இருந்து அம்மா “என்னடி?” என்றா.

பிட்டு அவிக்கிற நேரம். நான் கதையைத் தமிழில் சொன்னேன், அம்மா மாவைக் கொத்திக்கொண்டே கேட்டா. நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய யோசனை இதுதான்: நாவலை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள், அதுவும் பரீட்சை என்றால் என்னவென்று கவலைப்படாத ஒருவருக்கு. மாலை ஆறு மணிக்குப் பிறகு வருகிற காசை ஜெகன் கணக்கில் காட்டாமல் தனியாக வைப்பார் என்று சொன்னதும், அம்மா “சத்தியத்துக்கும் ஆறு மணி மட்டும்தான் வேலையோ?” என்றா. குறிப்புகளில் இதை ‘ஜெகனின் இரட்டை நிலை’ என்று அரைப் பக்கத்துக்கு எழுதுவார்கள்.

“அந்த மனிசி எங்க?” என்று கேட்டா.

“செத்துப்போச்சம்மா. பெடியன் சின்னனாய் இருக்கேக்கை.”

“அதுதானே. வீட்டுக்குள்ள கதை காவ ஒரு ஆள் இல்லை. வெளி ஆள் வந்தா சொல்லைத்தான் காவும்.”

நான் அதுவரை அந்த நாவலின் முரண்பாட்டைத் தலைமுறை இடைவெளி என்றுதான் எழுதி வைத்திருந்தேன். பிழையில்லை, அதற்கும் புள்ளி போடுவார்கள். ஆனால் தலைமுறை இடைவெளி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? அம்மா கைவைத்த இடம் அதைவிட ஆழம். சொல் போய்ச் சேர்கிறது, சொன்னவர் மனது போய்ச் சேரவில்லை. ‘ஏலாதெண்டா விடட்டாம்’ என்று நான் அண்ணாவிடம் கொண்டு போன வசனத்தில், அப்பா அதைச் சொல்லும்போது அண்ணாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது சேரவில்லை. நான் நல்ல தபால்காரி இல்லை.

கதையின் முடிவில் மாலி காருக்குள் சாராயப் போத்தலோடு பிடிபடுகிறான். ஜெகன் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கிப் போகிறார். துறவு மாதிரி. ஆனால் போகும்போது காசோலைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார். இதைச் சொன்னதும் அம்மா அகப்பைக் காம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. “சாமியாராப் போறவனுக்குச் செக் புத்தகம் என்னத்துக்கு?” பிறகு கொஞ்சம் பொறுத்து, “வச்சிருக்கட்டும். பெடியனுக்கு நாளைக்கு ஒண்டெண்டா ஆர் குடுக்கிறது?” என்றா.

ஒரே செக் புத்தகம், ஒரு ஆளே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு விதமாகப் பார்த்துவிட்டா. எனக்கு அன்றைக்கு விளங்கியது, நல்ல நாவலின் செய்தி ஒரு பக்கமாகச் சாயாது. ‘ஜெகன் துறவை அடைந்தார்’ என்று எழுதினாலும் பாதி, ‘ஜெகன் போலி’ என்று எழுதினாலும் பாதி. நான் மாலியின் பக்கம் நின்று ஒரு கட்டுரை எழுதினேன், கேட்டுத் தராத தகப்பனிடம் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது என்று. ரீச்சர் வெட்டவில்லை. “சரி, ஆனா மாலி எங்கயாவது தகப்பனிட்டை நேரை கேட்டானோ எண்டு பாத்தனியோ?” என்று மட்டும் எழுதியிருந்தா. உங்கள் கட்சிக்கு எதிரான பக்கத்தையும் ஒரு தரம் புரட்டிப் பார்க்கச் சொல்கிறா. இதையும் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குச் செய்விக்கிறேன். ஒருவர் ரொம்முக்கு, ஒருவர் எட்வேர்டுக்கு, மற்றவள் தாய்க்கு. தாய்க்குக் கிடைக்கிறவள்தான் எப்போதும் நன்றாக எழுதுகிறாள்.

சாதாரண தரத்தில் எனக்கு பி வந்தது. ஏ வரும் என்று நினைத்திருந்தேன். சரி, விடுவோம்.

முடிவு வந்த பிறகு கிளிநொச்சி நூலகத்தில் இருந்து அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை எடுத்து வந்தேன். 1973இல் வந்த நாவல், முல்லைத்தீவுப் பக்கம் தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை. அதுவரை நான் படித்த நாவல்களில் இலண்டனும் மால்குடியும். இதில் எங்கள் காடு, எங்கள் மரங்கள், எங்கள் பேச்சு. ஆனால் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சொந்த இடத்துக் கதை என்றால் முரண்பாட்டைப் பார்க்க மறந்துபோகும். இந்த மரம் எனக்குத் தெரியும், இந்தப் பாதையால் நான் போயிருக்கிறேன் என்று நூறு பக்கம் போய்விட்டது. திரும்ப முதலில் இருந்து வாசித்தேன். வாசித்தால், இங்கேயும் ஒரு தகப்பன், ஒரு மகன். மகன் தனக்கு விருப்பமான பெண்ணைக் கட்டுகிறான், தகப்பன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். அவன் காட்டை வெட்டித் தனியாகப் பயிர் செய்கிறான்.

புத்தகத்தை மேசையில் வைத்திருந்தேன். இரண்டு நாளாகக் காணவில்லை. பார்த்தால் அப்பாவின் தலைமாட்டில், அந்தப் பைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அப்பா பத்திரிகை தவிர எதையும் வாசித்து நான் கண்டதில்லை. “எப்பிடி அப்பா கதை?” என்று கேட்டேன்.

“தண்ணிமுறிப்பில முந்தி நல்ல நெல்லு” என்றார்.

நானும் செய்தி என்ன, முரண்பாடு என்ன என்று கேட்கவில்லை. அந்த ஊர்ச் சனம் எண்பதுகளிலேயே எழும்பி ஓடவேண்டி வந்தது, அப்பாவின் கூட்டாளி ஒருவரும் அதில். அந்த வசனத்துக்குள் எந்தத் துக்கம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த மாதம் வெளியே மெசின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். யாரோ ஒருவர் எங்கள் லாண்ட்மாஸ்ரரை ஓட்டிக்கொண்டு படலையால் போகிறார். அப்பா படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் ‘ஆரோ’ என்று சொன்ன அதே மெசின், விற்றாயிற்று. காசை மேசையில் வைத்து, “அவனிட்டைக் குடு” என்றார். பை தலைமாட்டிலேயே இருந்தது. நான் அண்ணாவிடம் காசைக் கொடுத்தேன். மெசின் என்று மட்டும் சொன்னேன். அவன் எண்ணவில்லை. வெளியே போய், மெசின் நிற்கிற கொட்டிலைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றான்.

அவன் இப்போது கட்டாரில். வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் எடுப்பான். இப்போது வீட்டிலேயே சிக்னல் வருகிறது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைப்பேன். அம்மா கதைத்து முடிந்ததும் அண்ணா தொடங்குவான்.

“அப்பாட்டைச் சொல்லு, உழவுக்கு வாடகை மெசின் பிடிக்கட்டாம், காசு போடுறன்.”

அப்பா போனுக்கு இரண்டு முழம் தள்ளி, முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

“கேட்டதெண்டு சொல்லு” என்பார்.